பெரியப்பாவின் ஒப்பாரி நோட்டுகளை எப்படிக் காப்பாற்றுவது?

எல்லோருக்கும் வணக்கம், ஒரு யோசனை வேண்டும். தமிழாசிரியராக இருந்த பெரியப்பா, ஓய்வுக்கு அப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களிடம் கேட்டு எழுதிய ஒப்பாரி, தாலாட்டு நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவர் போன பிறகு வீட்டையும் நிலத்தையும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டோம், இந்தப் பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை, பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு குரல் வந்தது (யார் என்று சொல்லமாட்டேன்). ஒவ்வொரு பாட்டுக்குக் கீழும் பாடியவர் பெயர், ஊர், யாருக்காக அழுத பாட்டு என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறார். அந்தப் பாட்டிகள் விட்டுப்போன சொத்தும் இதில்தானே இருக்கிறது!

பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்துவைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-ல் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் அது சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. எங்கள் பெட்டி அவ்வளவு பெரிதில்லை, சரி, ஆனால் தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி காத்திருக்காதே.

ஓரம் பொடியும் தாளை ஸ்கேனரில் கவிழ்க்கலாமா, மேலேயிருந்து படம் எடுப்பதுதான் நல்லதா? பழுப்பேறிய செல்லோடேப்பை உரிக்கலாமா? கையெழுத்து நோட்டுகளை நூலகங்கள் வாங்கிக்கொள்ளுமா, கொடுத்த அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள். தங்கை கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடிக்கப் போகிறார்கள், அதற்குள் பெட்டியை எடுத்தாக வேண்டும்.