ஷார் பி1 டாங்கி: 75 மி.மீ. பீரங்கி ஏன் பக்கவாட்டில் திரும்பவில்லை?

மாதிரிப்பிரியன்:
இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரெஞ்சு டாங்கியான ஷார் பி1 பிஸ்ஸின் மாதிரியை 35-இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுநருக்கு வலப்புறம் வரும் 75 மி.மீ. பீரங்கி மேலும் கீழும் நன்றாக அசைகிறது. இடம் வலம் இம்மியும் நகரவில்லை. என் கைத்தவறோ என்று இருமுறை பிரித்துப் பார்த்துவிட்டேன். அசல் வண்டியும் இப்படித்தானா? பிறகு எப்படிக் குறி பார்த்தார்கள்?

திருகாணி:
ஒட்டியது சரிதான், பிரிக்காதீர்கள். அந்தப் பீரங்கியைத் திருப்ப முழு வண்டியையும் திருப்ப வேண்டும். குறி பார்ப்பதும் சுடுவதும் ஓட்டுநரே.

ஹைட்ராலிக் வேலையில் இருபது ஆண்டுகள் கழித்தவன் என்பதால், இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது நேடர் என்ற திருப்பும் அமைப்பு. சாதாரணமாக ஒரு பக்கச் சங்கிலிக்குப் பிரேக் பிடித்தால் வண்டி வெடுக்கென்று திரும்பும்; அதை வைத்துக் குறி பார்க்க முடியாது. நேடரில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் மோட்டார் இரு சங்கிலிகளின் வேகத்தையும் சிறுகச் சிறுக வேறுபடுத்தும். ஸ்டீயரிங்கைச் சற்றே அசைத்தால் முப்பது டன் இரும்பு மயிரிழை அளவு நகரும். அதில் ஊற்றியது ஆமணக்கெண்ணெய்! இவ்வளவு நுட்பமான பொறியை உருவாக்கியவர்களை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் விலையும் அதிகம், பராமரிப்பும் கடினம்.

பழையஏடு:
நுட்பத்தை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. காலதாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிரெஞ்சு இராணுவக் குழு 1921-இல் கேட்டது 13 டன் வண்டி. முதல் முன்மாதிரியை ரெனோ நிறுவனம் முடித்தது 1929-இல்; அதன் மேலே சுழலும் கோபுரத்தில் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே. மூன்று முன்மாதிரிகளையும் ஒரு சோதனைப் பிரிவாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். நடுவில் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாடு வேறு. கனரக டாங்கிகளுக்குத் தடை வருமோ என்ற தயக்கம். 1934-இல் முதல் ஆர்டர் வெறும் ஏழு வண்டிகளுக்கு! 60 மி.மீ. கவசத்துடன் மேம்பட்ட வடிவமான பி1 பிஸ் வந்தபோது எடை ஏறத்தாழ 32 டன். கோபுரத்தில் இருந்த வண்டித் தலைவர் ஒருவரே அங்கிருந்த 47 மி.மீ. பீரங்கிக்குக் குண்டு போட்டு, குறி பார்த்து, சுட்டு, வண்டியையும் வழிநடத்த வேண்டும். அத்தனை ஆண்டுச் சோதனையில் இதை யாரும் திருத்தவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

திருகாணி:
அந்த ஆற்றாமை எனக்கும் உண்டு. ஆயினும் 1940 மே 16 அன்று பிரான்சின் ஸ்டோன் கிராமத்தில் ஜெர்மானியருடன் நடந்த சண்டையில், கேப்டன் பியோத் தலைமையில் போன ‘யூர்’ என்ற பி1 பிஸ் வண்டி 140 குண்டடிகளை வாங்கியும் கவசம் துளைபடாமல் திரும்பியதே!

மாதிரிப்பிரியன்:
இருவருக்கும் நன்றி. ஓட்டுநர் பொம்மையை உள்ளே வைக்காமல் மூடிவிட இருந்தேன். இனி அப்படிச் செய்ய மனம் வராது. பக்கக் கதவைத் திறந்தே ஒட்டப்போகிறேன். ஸ்டீயரிங்கில் இருக்கும் கை வெளியே தெரிய வேண்டும்.