மறுமொழி: அரசியல் மீமுக்குத் தமிழில் என்ன?

> போன்மி போதுமே, இன்னொரு சொல் எதற்கு?

வணக்கம் ஐயா,

மீமுக்குப் 'போல' என்பதிலிருந்து ஆக்கிய போன்மி நல்ல சொல்தான். 1976-இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் மீம் என்ற சொல்லைப் படைத்தபோது கிரேக்கத்தின் 'போலச் செய்தல்' அடியைத்தான் எடுத்தார். ஆனால் அரசியல் மீம் போலச் செய்வதோடு நிற்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றில் ஒரே ஒரு இடத்தை மாற்றி ஆளைக் குத்துகிறது.

2016 மே மாதம், கேரளத்துப் பழங்குடிக் குழந்தைகளின் இறப்பு விகிதத்தைப் பிரதமர் சோமாலியாவோடு ஒப்பிட்டுப் பேசினார். ட்விட்டரில் 'போ மோனே மோடி' (போ மகனே மோடி) கிளம்பியது. மோகன்லால் வசனத்தில் தினேசன் இருந்த இடத்தில் மோடி, அவ்வளவுதான் மாற்றம். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வசனம் ஏற்கெனவே காதில் இருந்தது.

இங்கே இதையெல்லாம் மலையாளிகளைப் போல 'ட்ரோல்' என்றுதான் சொல்கிறோம். அதை ஏற்க எனக்கு மனமில்லை. ஒரு பெண்ணைக் கும்பலாகத் துரத்தி வசைபாடுவதற்கும் அதே பெயர். முதலமைச்சரைக் கிண்டலடித்த பையனும் அந்தக் கும்பலும் ஒன்றா? 2020 நவம்பரில் கேரள அரசு காவல் சட்டத்தில் 118ஏ பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தபோது எழுந்த அச்சமே இதுதான். இணைய வசையைத் தடுக்க என்றார்கள். 3 ஆண்டு வரை சிறை! எதிர்ப்பு வலுத்ததும் சில நாளில் பின்வாங்கினார்கள்.

கேலிச்சித்திரமும் பொருந்தாது. அதில் வரைந்தவர் கையெழுத்து இருக்கும். மீமை யார் முதலில் செய்தார் என்று தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது; செய்தவருக்கு அதுதான் காப்பு.

என் முன்மொழிவு: வார்ப்படம். கோவை ஃபவுண்டரிகளில் அச்சில் உலோகம் ஊற்றி எடுக்கும் பொருளுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் உண்டு. வடிவேலு முகம் அச்சு, அதில் நீங்கள் ஊற்றுவது உங்கள் கோபம். டெம்ப்ளேட்டையும் அச்சு என்றே சொல்லலாம்; தனிச்சொல் தேடும் வேலையும் மிச்சம்.

பெயரில் 'படம்' இருக்க, 'போ மோனே மோடி'யில் படமே இல்லையே என்று கேட்பீர்கள். கட்டடம், ஒற்றடம் மாதிரி இதிலும் 'அடம்' விகுதி என்று கொண்டால் சிக்கல் தீரும். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

அப்புறம், மீம் கிரியேட்டருக்கு 'வார்ப்பர்' சரிவருமா? எனக்கு அது வாயில் நிற்கவில்லை.