அப்பாவுக்கும் மகளுக்கும் லைப்ரரில என்ன புக் எடுக்கலாம்? நூலகத்துல வேலை பாக்குறவங்க சொல்லுங்களேன்

ஆத்தங்கரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆயி ஒன்றரை வருசம் ஆச்சி. காலைல பேப்பர ஒரு வரி விடாம படிச்சிருவாவ, பத்து மணிக்கு மேல என்ன செய்யன்னு தெரியாம திண்ணைல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காவ, எனக்கு மனசு கெடந்து அடிக்கி. மக ஏழாங்கிளாஸ், தமிழ் நல்லா வாசிப்பா, ஆனா புக்குன்னு சொன்னாலே பாடம்னு நெனச்சி ஓடுதா. போன வாரம் மூணு பேருக்கும் லைப்ரரி கார்டு போட்டாச்சி, ஆனா ரேக்கு முன்னால போயி நின்னா எத எடுக்கன்னே தெரியல, அட்டையப் பாத்து ஒரு துப்பறியும் நாவல எடுத்துட்டு வந்தா கடைசி நாலு பக்கத்தக் காணோம், அப்பாவுக்கு ரொம்ப ஏமாத்தமாப் போச்சி. நூலகத்துல உள்ளவங்ககிட்ட கேட்டு புக் வாங்கிப் படிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

கிளைநூலகத்து அக்கா:
தங்கச்சி, நான் நம்ம ஜில்லாவுல ஒரு கிளை நூலகத்துலதான் இருக்கேன். மொதல்ல ஒண்ணு சொல்லுதேன், எங்ககிட்ட வந்து "நல்ல புக்கா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா எங்களுக்கும் திணறும். படிக்கப்போறவங்களப் பத்திச் சொல்லுங்க, என்ன வேலை பாத்தாவ, பேப்பர்ல எந்தப் பக்கத்த மொதல்ல பிரிப்பாவ, எத டிவில பாத்தா எந்திரிக்காம இருப்பாவ, அது போதும். நம்ம நாட்டு நூலகத் துறைக்கு முன்னோடியான ரங்கநாதன் ஐயா 1931லயே எழுதி வச்சிட்டாவல்லா, ஒவ்வொரு வாசகருக்கும் அவரோட புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதோட வாசகர்னு. அத நான் தினம் கவுண்டர்ல உக்காந்து பாக்கேன்.

இன்னொண்ணு, ரேக்குக்குப் போகாதீங்க, மொதல்ல மேசைல பாருங்க. திருப்பிக் குடுத்த புக்கு இன்னும் அடுக்காம அங்க குவிஞ்சி கெடக்கும், ஊருக்குள்ள இப்ப ஓடிக்கிட்டு இருக்க புக்கு அதுதான். பொறவு அட்டைய உள்ள திருப்பி தேதி ஒட்டுன சீட்டப் பாருங்க. முத்திரை மேல முத்திரை விழுந்து சீட்டு மேல சீட்டு ஒட்டியிருந்தா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். ஆனா அந்த மாதிரி புக்குலதான் தையல் விட்டு பக்கமும் உதிரும், அதனால கடைசிப் பக்கம் இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. இல்லன்னா எங்ககிட்ட சொல்லுங்க, தனியா எடுத்து வச்சிருவோம், அடுத்தவங்களாவது ஏமாறமாட்டாங்க.

பிள்ளைக்கு கி.ரா. (கி.ராஜநாராயணன்) எழுதுன 'பிஞ்சுகள்' குடுங்க, பறவை முட்டை, காடு கரைன்னு சுத்துத பயலோட கதை, மெல்லிசு புக்கு, பேச்சு நம்ம கரிசக்காட்டுப் பேச்சு. அது புடிச்சிச்சின்னா அடுத்து உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை', கீழடிய வச்சி எழுதுனது, 2023ல சிறுவர் இலக்கியத்துக்குக் குடுக்குற பால சாகித்ய புரஸ்கார் விருது வாங்குச்சி. அப்பா எந்த ரூட்ல ஓட்டுனாவ?

ஆத்தங்கரைக்காரி:
அக்கா ரொம்ப நன்றி. அப்பா ரொம்ப வருசம் திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் கடக்கரை ரூட்ல. மீன்கூடை ஏத்துத ஆச்சிமாரெல்லாம் அப்பாவுக்கு நல்ல பழக்கம்.

கிளைநூலகத்து அக்கா:
அப்பம் யோசிக்கவே வேண்டாம், ஜோ டி குரூஸ் எழுதுன 'ஆழி சூழ் உலகு'. உவரிக்காரருதான், பரதவங்க வாழ்க்கை, கட்டுமரம், சுறா வேட்டை, மூணு தலைமுறைக் கதை. அவரோட 'கொற்கை'க்கு 2013ல சாகித்ய அகாதமி கெடச்சது, ஆனா இதத்தான் மொதல்ல படிக்கணும்.

பாளை வாத்தியார்:
அம்மா, நூலகர் சொன்னது நல்ல நாவல்தான், அத மறுக்கல. ஆனா இதுவரைக்கும் பேப்பர் மட்டும் வாசிச்ச மனுசன் கையில அவ்வளவு தடிப் புக்கக் குடுத்தா கனத்தப் பாத்தே கீழ வச்சிருவாரு, எங்க அண்ணன் அப்படித்தான் செஞ்சாரு. தொ.பரமசிவனோட 'அறியப்படாத தமிழகம்' குடுங்க. உப்பு, எண்ணெய், உரல், பல்லாங்குழின்னு தெனம் கையில படுத சாமானப் பத்தி ரெண்டு ரெண்டு பக்கக் கட்டுரை, எங்க வேணும்னாலும் தொறக்கலாம், எங்க வேணும்னாலும் நிறுத்தலாம், பேப்பர் வாசிச்சவருக்கு அந்த அளவு பழகுனது. தொ.ப. நம்ம பாளையங்கோட்டைக்காரரு, 2020ல போய்ச்சேந்துட்டாரு, எனக்கு இன்னும் ஆறல.

குரூப் 2 தம்பி:
நான் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல பரீட்சைக்குப் படிக்கேன். ஒரு நாள் கால்டுவெல் எழுதுன திருநெல்வேலி சரித்திரத்த (இங்கிலீஷ்ல 1881ல வந்தது, தமிழ்லயும் இருக்கு) தேடிக்கிட்டு இருந்தேன், எடுத்துக் குடுத்த அண்ணாச்சி கூடவே வண்ணநிலவனோட 'ரெய்னீஸ் ஐயர் தெரு'வையும் கையில வச்சி, சரித்திரம் படிச்சி களைச்சா இதப் படிங்க தம்பின்னாவ. ரெய்னீஸ்ங்கிற பேரு எனக்கு அதுக்கு முன்ன மிஷனரி பேரா மட்டுந்தான் தெரியும். சின்ன நாவல், ஒரே மூச்சுல முடிச்சிட்டு சாயங்காலம் அந்தத் தெரு பக்கம் நடந்து போயிட்டு வந்தேன். துப்பறியும் கதைதான் வேணும்னா சுஜாதாவோட 'கொலையுதிர் காலம்' கேட்டுப் பாருங்க, கணேஷ் வசந்த்னு ரெண்டு வக்கீலுங்க துப்பறியுற கதை, பேயா இல்ல சயின்ஸான்னு கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகும்.

ஆத்தங்கரைக்காரி:
பத்து நாள் கழிச்சி எழுதுதேன், மன்னிச்சிக்கிடுங்க. வாத்தியார் ஐயா சொன்னதையும் அக்கா சொன்னதையும் ரெண்டையும் எடுத்தேன். அப்பா கட்டுரைய மூணு நாள்ல முடிச்சிட்டாவ, உப்பப் பத்தி இருந்தத அம்மாவக் கூப்புட்டு சத்தமா வாசிச்சிக் காட்டுனாவ. பொறவு அந்தப் பெரிய புக்க அவியளே எடுத்துட்டு திண்ணைக்குப் போயிட்டாவ, ரோட்டப் பாக்குறது கொறஞ்சிருக்கு. மக பிஞ்சுகள முடிச்சிட்டா, இப்பம் வீட்டுக்குப் பின்னால வாற குருவிக்கெல்லாம் பேரு கேக்கா, எனக்குப் பாதிக்குத் தெரியல, பறவைப் புக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க அக்கா. அப்பா ஒரு விசயம் கேக்கச் சொன்னாவ. 'ஆழி சூழ் உலகு'ல வாற ஆமந்துறை எங்க இருக்கு, நான் அந்த ரூட்ல இத்தன வருசம் ஓட்டுனேன், அப்படி ஒரு ஸ்டாப்பே கெடையாதேங்காவ.

கிளைநூலகத்து அக்கா:
அது கதைக்காக வச்ச பேருன்னு சொல்லுங்க தங்கச்சி. ஆனா படிச்சி முடிச்சதும் எந்த ஊரு மாதிரி இருக்குன்னு அப்பாவையே சொல்லச் சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சிக்கணும். பறவைப் புக்கு நாளைக்குத் தேடிப் பாத்துச் சொல்லுதேன், இன்னைக்கி வெள்ளிக்கிழமை, எங்களுக்கு லீவு.