காப்பீட்டுப் பணம் நிலுவை, என்.ஏ.பி.எச். காலாவதி: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி (பாலக்கோடு)

வணக்கம். 30 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட நோயாளிகளே அதிகம். கணக்கில் லாபம் தெரிகிறது. சம்பளத் தேதியில் வங்கியில் பணம் இல்லை. ஒப்புதலான தொகைகூட முழுதாக வருவதில்லை. இந்த நேரத்தில், மருத்துவமனையின் தரத்துக்குத் தரும் என்.ஏ.பி.எச். நுழைவுநிலைச் சான்றும் முடியப்போகிறது. "இந்த முறை விட்டுவிடலாம், செலவாவது மிஞ்சும்" என்கிறார் எங்கள் டாக்டர். பயிற்சி கொடுத்த செவிலியர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். எனக்கு விட மனமில்லை. வழி சொல்லுங்கள்.

பதில் 1 (தர்மபுரி, தணிக்கையாளர்)

அம்மா, முதலில் டி.டி.எஸ்.ஸை, அதாவது பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வருமான வரியைப் பாருங்கள். காப்பீட்டுத் தரப்பிலிருந்து மருத்துவமனைக்கு வரும் தொகையில் 10 சதவீதம் பிடிப்பார்கள். அதுவும் உங்கள் லாபத்தில் அல்ல, மருந்து, உடலில் பொருத்தும் உள்வைப்பு எல்லாம் சேர்ந்த மொத்த பில்லில். மிச்சமே அவ்வளவு நிற்காத மருத்துவமனைக்கு இது பெரிய அடி. கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும்வரை அந்தப் பணம் கைக்கு வராது. உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் பிடித்தமெல்லாம் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். குறைந்த விகித டி.டி.எஸ். சான்றிதழுக்கு வருமான வரித் துறையிடம் விண்ணப்பிக்கலாம். பல சிறு மருத்துவமனைகள் இதைக் கேட்பதே இல்லை.

ஒவ்வொரு கிளைமுக்கும் (காப்பீட்டுக் கோரிக்கைக்கும்) அனுப்பியது, ஒப்புதலானது, காப்பீட்டுத் தரப்பு வெட்டியது, டி.டி.எஸ்., வந்தது என்று தனிப் பதிவேடு போடுங்கள். வெட்டிய தொகையை வரவாகவே வைத்திருந்தால் புத்தகத்தில் லாபம் தெரியத்தான் செய்யும்.

பதில் 2 (ஓசூர், தர மேலாளர்)

மேடம், சான்றிதழைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வெட்டுப்பட்ட கிளைம்களின் கேஸ் ஷீட்டை (நோயாளியின் சிகிச்சைப் பதிவை) எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். மயக்க மருந்துக் குறிப்பில் நேரம் இருக்காது. மருந்து எழுதிய இடத்தில் கையொப்பம் இருக்காது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஒரு நோய், ஒப்புதல் கேட்டது வேறொன்று. காப்பீட்டில் பணத்தை வெட்டுவதும், என்.ஏ.பி.எச். மதிப்பீட்டாளர் குறை எழுதுவதும் இதே தாள்களைப் பார்த்துத்தான். டாக்டரிடம் இந்தத் தாள்களையே காட்டுங்கள்.

என்.ஏ.பி.எச்.சில் 50 படுக்கை வரை சிறு மருத்துவமனைப் பிரிவு இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளுக்கான தரநிலைப் புத்தகத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸில் என்.ஏ.பி.எச். இல்லாத மருத்துவமனைக்குக் கட்டணம் 15 சதவீதம் குறைவு என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே, வெட்டுப்பட்ட அறுவை சிகிச்சை கேஸ் ஷீட் பலவற்றில் நேரமே இல்லை. டாக்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, புதுப்பிக்கச் சம்மதித்துவிட்டார். புதிதாக வரும் செவிலியர்களை எப்படித் தயார்படுத்துவது?

பதில் 2

வகுப்பு எடுத்தால் நிற்காது மேடம். ஷிஃப்ட் மாறும்போது அவசர மருந்து டிராலியை இருவர் சேர்ந்து திறந்து, காலாவதித் தேதியைப் பார்த்துக் கையொப்பமிடட்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எந்தக் கழிவு எதில் போகும் என்பதை வார்டில் நின்றே சொல்லிக்கொடுங்கள். துப்புரவு ஊழியர்களை விட்டுவிடாதீர்கள். மதிப்பீட்டாளர் அவர்களிடமும் நேரடியாகக் கேட்பார்.

பதில் 1

கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் பதிவு (மருத்துவமனை நடத்துவதற்கான பதிவு), மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல், தீயணைப்புச் சான்று மூன்றின் முடிவுத் தேதிகளையும் இப்போதே பாருங்கள் அம்மா. இவற்றில் ஒன்று காலாவதியானாலும் என்.ஏ.பி.எச். விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும்.