பைத்தான் சந்தேகம் கேட்டபோது நடந்தவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முதல் பதிவு

பைத்தான் ப்ரோக்ராம் மொழியில், ஃபங்ஷனுக்குக் காலி லிஸ்ட்டை டிஃபால்ட்டாகக் (கூப்பிடும்போது எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) கொடுத்து மாட்டிக்கொள்ளும் அதே பழைய சிக்கல்தான். புதிதாகப் படிக்க வந்த ஒரு பெண்ணின் ப்ரோக்ராமில், ஃபங்ஷனை இரண்டாவது முறை கூப்பிட்டால் முதல் முறை சேர்த்த பெயரும் கூடவே வந்தது. ஒரு சீனியர் வந்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். காலி லிஸ்ட் இருந்த இடத்தில் 'நன்' (None, அதாவது 'எதுவுமில்லை') போட்டு, உள்ளே லிஸ்ட் வராவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கும் ஒரு இஃப் எழுதி, ரன் பண்ணிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். "தேங்க்ஸ் அண்ணா" என்றாள். அவர் கதவைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "பழைய பேரை அது எங்க வெச்சிருந்துச்சு?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அவரிடம் கேட்க அவளுக்கு இடமே கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுமொழி 1

எனக்கு வாய்த்தவர் நேர் எதிர். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதே என்று போய் நின்றேன். கம்ப்யூட்டர் எண்ணை வைத்துக்கொள்ளும் பைனரி, 53 பிட் என்று ஆரம்பிப்பார் என நினைத்தேன். "டெசிமல் மாட்யூலை (பைத்தானோடு வரும் தயார் கோடு) இம்போர்ட் பண்ணி, வெறும் 0.1-ஐ மேற்கோள் இல்லாமல் அதற்குள் கொடுத்து பிரிண்ட் பண்ணு" என்றார், அவ்வளவுதான். 0.1000000000000000055511151231257827… என்று நீண்டுகொண்டே போனது. நான் 0.1 என்று அடித்தபோதே கம்ப்யூட்டர் வாங்கி வைத்தது வேறு எண் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அதன்பின் அவர் சொன்ன பைனரி விளக்கம் தானாகப் புரிந்தது.

மறுமொழி 2

முதல் பதிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கீபோர்டை வாங்குவதே குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள். அரை மணி நேரத்தில் ஒப்படைக்க வேண்டிய வேலையோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய்ப் பாடம் நடத்த முடியுமா? முதலில் ஓட வேண்டும், விளக்கம் அப்புறம்.

என் கதை சின்னது. ரேண்டம் மாட்யூலில் 'ரேண்டின்ட்' இல்லவே இல்லை என்று எரர். பைத்தானை அழித்துத் திரும்ப இன்ஸ்டால் பண்ணப் போனேன். பக்கத்தில் இருந்தவர் திரையைக்கூடப் பார்க்காமல், "உன் ஃபைலுக்கு என்ன பேரு வெச்சிருக்க?" என்றார். ரேண்டம் என்றுதான் வைத்திருந்தேன்; பைத்தான் அதையே மாட்யூல் என்று எடுத்துக்கொண்டது! இப்போது பைத்தான் 3.13-இல் அந்த எரரே ஃபைல் பெயரை மாற்றிப் பார்க்கச் சொல்கிறது.

முதல் பதிவர்

அவசரம் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. அன்று அப்படி எந்த அவசரமும் இல்லை. அவர் போன பிறகு பழைய கோடை மறுபடி போட்டு, ஃபங்ஷனின் டிஃபால்ட் மதிப்புகள் இருக்கும் 'டிஃபால்ட்ஸ்' அட்ரிபியூட்டை முதல் அழைப்புக்கு முன்பும் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் பிரிண்ட் பண்ணச் சொன்னேன். முதலில் காலி, அப்புறம் ஒரு பெயர், அப்புறம் இரண்டு. ஃபங்ஷனை உருவாக்கும் 'டெஃப்' வரி ஓடும்போது ஒரே ஒரு லிஸ்ட்தான் உருவாகிறது, எல்லா அழைப்பும் அதையே பயன்படுத்துகிறது என்று அவளே சொன்னாள்.

மறுமொழி 3

லிஸ்ட்டை சார்ட் பண்ணி வேரியபிளில் போட்டால் 'நன்' வருகிறது என்று ஒருவரிடம் கேட்டேன். "சார்ட் இருந்த இடத்திலேயே அடுக்கும், எதையும் திருப்பித் தராது. புது லிஸ்ட் வேணும்னா சார்ட்டட்" என்றார். முடிந்தது.

சந்தேகம் கேட்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எரரைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன எரர் என்பது அங்கேதான் இருக்கும், எந்த வரி என்பது அதற்குச் சற்று மேலே. கேட்கும்போது அந்த மொத்த எரர் செய்தியையும் (டிரேஸ்பேக்) ஒட்டுங்கள், 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே கொடுங்கள், அப்போதுதான் உதவுபவர் ஓட்டிப் பார்க்க முடியும். இருநூறு வரியையும் கொட்டாமல், பிழை வரும் பத்து வரியாகச் சுருக்குங்கள்; சுருக்கும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். இன்புட் எதைக் கொடுத்தாலும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துச் சரம்), எண் வேண்டுமென்றால் இன்ட்டாக (int, முழு எண்) மாற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் 'டைப்' (type) ஃபங்ஷனைப் போட்டு, அது என்ன வகை என்று பாருங்கள். 3.10-க்கு முந்தைய வெர்ஷன் என்றால் மாற்றிவிடுங்கள். மூடாத அடைப்புக்குறி எங்கே திறந்தது என்பதை அதற்குப் பிறகு வந்தவை நேராகச் சொல்லிவிடும்.

மறுமொழி 4

இங்கே யாரும் அறிவுரை கேட்கவில்லையே நண்பரே. ஸ்கிரீன்ஷாட் பற்றிச் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

எனக்கு நடந்தது: 1, 2, 2, 3 இருந்த லிஸ்ட்டில், ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப் ஓடும்போதே 2-ஐ ரிமூவ் பண்ணினேன். ஒரு 2 மிச்சம் நின்றது. உதவ வந்த அக்கா கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. துண்டுத் தாளில் நான்கு எண்களையும் எழுதி, முதல் 2-இன் மேல் என் விரலை வைக்கச் சொன்னார். அதை அடித்துவிட்டு, மீதி இரண்டையும் ஒவ்வொரு இடம் இடப்பக்கம் தள்ளி எழுதினார். "இப்ப விரலை அடுத்த இடத்துக்கு நகர்த்து" என்றார். விரல் நேராக 3-இல் போய் நின்றது. இரண்டாவது 2 விரலுக்கு அந்தப் பக்கம் நழுவியிருந்தது.

டிக்‌ஷனரியில் (பெயரும் அதற்கான மதிப்புமாக வைக்கும் தொகுப்பு) இதையே செய்தால், ஓடும்போது அளவு மாறிவிட்டது என்று ரன்டைம் எரர் கொடுத்து நின்றுவிடுகிறது. லிஸ்ட் மட்டும் சத்தமில்லாமல் தப்பான விடையைத் தருகிறது. புதிதாக வருபவர்களை இதைவிட அலைக்கழிப்பது வேறு எது என்று எனக்குத் தோன்றவில்லை. லிஸ்ட்டும் எரர் கொடுத்திருக்க வேண்டும்.