சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது: உங்கள் வண்டிக்கு நடந்ததா?

என்னுடையது பழைய பெட்ரோல் கார். செங்கல்பட்டு தாண்டி மேல்மருவத்தூர் பக்கம், மே மாத வெயிலில் எண்பதில் போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று இழுவை போய்விட்டது. திணறவும் இல்லை, குலுங்கவும் இல்லை, சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி நின்றது. ஓரங்கட்டி செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப் கொண்டுபோனால் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட்! ஸ்கேனரில் ஒரு ஃபால்ட் கோடும் (பழுதைக் காட்டும் குறியீடு) இல்லை. பிளக், பெட்ரோல் ஃபில்டர், கடைசியில் பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அடுத்த வெயிலில் பழையபடி நின்றது.

பிறகு ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைத்தார். அவர் சொன்னது: "நிக்கும்போது போன் பண்ணுங்க சார். ஓடுற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினா நான் என்னத்தைப் பார்க்க?"

அப்படியே நின்றபோது போன் செய்தேன். சாவியை ஆன் செய்து பின்சீட்டில் காது வைக்கச் சொன்னார். பம்ப் இரண்டு நொடி உறுமி அடங்கியது. சரி, பம்பும் ரிலேயும் வேலை செய்கின்றன. அடுத்து, செல்ஃப் அடித்துக்கொண்டே, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்க்கச் சொன்னார். மற்ற நாளில் இருநூறு, முந்நூறு பக்கம் துள்ளும் முள், அன்று பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. "கிராங்க் சென்சார். பாட்டில் தண்ணியை அது மேல மட்டும் மெதுவா ஊத்துங்க, சைலன்ஸர் மேல பட்டுடக்கூடாது." ஊற்றிக் கொஞ்சம் பொறுத்து சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது.

எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அந்தச் சென்சாருக்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். சூட்டில் விரிந்து எங்கோ ஓர் இடத்தில் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சுற்றுகிறது என்ற தகவலே வராததால் கம்ப்யூட்டர் பிளக்குக்குக் கரண்டும் விடாது, பெட்ரோலும் தெளிக்காது. எஞ்சின் சும்மா நிற்கிறது என்று நினைத்துக்கொள்வதால் பல வண்டிகளில் ஃபால்ட் கோடும் பதிவாவதில்லை. சில மாடல்களில் நல்ல நிலையிலும் செல்ஃப் அடிக்கும்போது முள் அசையாது. அதனால் வண்டி ஒழுங்காக இருக்கும் நாளிலேயே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் வாங்கும் முன் அதன் கனெக்டரைக் கழற்றி, பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

அண்ணா, என்னுடையது 100 சிசி பைக், கார்புரேட்டர் மாடல். கொஞ்ச தூரம் ஓடும், அடங்கிவிடும், டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பலனில்லை. ஒருநாள் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன், 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. அவ்வளவுதான் வியாதி. மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு, அதில் மண் அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? ஊசியால் குத்திவிட்டேன், செலவு பூஜ்யம்.

* * *

எல்லாரும் செல்ஃப் அடித்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். முதல் சுற்றிலேயே சத்தத்தைக் கவனியுங்கள். நல்ல எஞ்சின் 'கும்… கும்…' என்று முட்டி முட்டிச் சுற்றும். முட்டலே இல்லாமல் 'விர்ர்' என்று லேசாகச் சுற்றினால், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். கையை எடுத்துவிடுங்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை முட்டி வளைத்துவிடும். எங்கள் ஸ்டாண்டில் ஒரு டீசல் வண்டிக்காரர் பேட்டரி இறங்கும் வரை அடித்தார். ஹெட்டைக் கழற்றியபோது ஒரு வால்வுகூட நேராக இல்லை.

* * *

இதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி சமாசாரம். கார்புரேட்டர் காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் டாக்ஸிகள் பர்லியாறு பக்கம் நின்றுவிடும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்போம். வைத்தியம் அன்றைக்கும் தண்ணீர்தான், பாருங்கள்!

* * *

ஒன்று விட்டுப்போச்சு. வண்டி நின்று, திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் சாவியை வண்டி அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். பானெட்டைத் திறக்கும் முன் வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியை வரவழைத்துப் போட்டுப் பாருங்கள்.