புதுப்பிப்பு: 400 சதோஷி ஏன் போகவில்லை என்பது தெரிந்துவிட்டது

திருமங்கலத்தில் என் வீட்டில் இயங்கும் பிட்காயின் கோர் கணு (பிட்காயின் பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துப் பிற கணினிகளுக்கு அனுப்பும் மென்பொருள் இயங்கும் கணினி), பழைய வகை முகவரிக்கு நான் அனுப்பிய 400 சதோஷியை (சதோஷி என்பது பிட்காயினின் மிகச் சிறிய அலகு) தூசு, அதாவது செலவழிக்கத் தகாத அளவு சிறிய தொகை, என்று மறுத்ததையும், கட்டணத்தைக் கூட்டியும் பயனில்லாததையும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். குறைந்தபட்சக் கட்டணமும் தூசு வரம்பும் வெவ்வேறு அமைப்புகள் என்பதே காரணம்.

பழைய வகை முகவரிக்கான வெளியீட்டுக்கு (பரிவர்த்தனையில் பெறுபவருக்குத் தொகையை ஒதுக்கும் பகுதி) 34 பைட்டும், பின்னாளில் அதைச் செலவழிக்க 148 பைட்டும் ஆக 182 பைட்டு தேவைப்படுவதால், பைட்டுக்கு 3 சதோஷி என்ற இயல்பு விகிதத்தில் வரம்பு 546 ஆகிறது; ஒற்றைச் சாவி செக்விட் (கையொப்பத்தைத் தனியே பிரித்து வைக்கும் புதிய வகை) முகவரிக்கோ, கையொப்பத்துக்குத் தரப்படும் சலுகையால் கணக்கு 98 ஆகச் சுருங்கி, 294 போதுமானதாகிறது. உசிலம்பட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மல்லிகையை மட்டும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுவந்தால், வண்டிச் செலவே பூவின் விலையை விழுங்கிவிடும் அல்லவா, அதே நிலைதான்.

2025இல் வந்த பிட்காயின் கோர் 29.1 பதிப்பு, கணுக்கள் பரிவர்த்தனையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துவதற்கான குறைந்தபட்சக் கட்டணத்தைப் பைட்டுக்கு 1 சதோஷியிலிருந்து 0.1 ஆகக் குறைத்தது. தூசு வரம்பைத் தொடவில்லை. அவ்வரம்பைச் சுழியாக்கலாம் என்று நான் முன்பு சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் கணு ஏற்றாலும் அண்டைக் கணுக்கள் கடத்தமாட்டா. தப்பித்தவறிப் பதிவானாலும், யாரும் செலவழிக்க விரும்பாத அச்சில்லறை ஒவ்வொரு முழுக் கணுவின் பதிவேட்டிலும் தேங்கிக் கிடக்கும்.

நேற்றிரவு அதே 400 சதோஷியைச் செக்விட் முகவரிக்கு அனுப்பினேன், மறுப்பின்றிச் சென்றது.